ஒன்பது மணி நேரம்

இப்போதெல்லாம் யாரும் யாரையும் கேட்பதில்லை. விஷயம் தெரிந்தவன் பக்கத்திலேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தாலும் போனை எடுத்துத் தடவுகிறார்கள். போன வாரம் பஸ் நிறுத்தத்தில் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். பத்தேகால் வண்டி இப்போதுதான் போனது, இனி பதினொன்றேகாலுக்குத்தான் என்று சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனைப் பார்த்தான். நாலு நிமிஷத்தில் வருவதாகக் காட்டுகிறதாம். காட்டட்டும் என்று விட்டுவிட்டேன். நான் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியபோதும் அங்கேயேதான் நின்றான். அப்போதும் நாலு நிமிஷம்தான் காட்டியது.

இப்படிப்பட்ட ஜனங்களுக்காகப் போனுக்குள்ளேயே ஒரு பெரிய புத்தகத்தை வைத்திருக்கிறார்கள். உலகத்தில் உள்ள அத்தனை விஷயமும் அதில் இருக்கிறதாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், திருத்துகிறவனுக்குச் சம்பளம் கிடையாது. என் மகள் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காலை நீட்டி உட்காராமல், அங்கேயே மறுபடி போய், அந்தப் புத்தகத்தைத் திருத்த ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். கண்டவனெல்லாம் கை வைக்கிற புத்தகத்தை யார் நம்புவது என்று கேட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டே இருப்பதால் நம்பலாம் என்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டே இருக்கும்போது கெட்டுப்போன காரியங்கள் எனக்கு நிறையத் தெரியும். அதைச் சொல்ல ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும் என்று பேசாமல் சாப்பிட்டேன்.

நான் அங்கே போனது பாடம் கேட்க இல்லை. நூலகத்து மாடி அறையில் சுவரில் ஆறு பிளக் பாயின்ட், அதில் நாலு செத்தவை. எட்டுக் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் கொடுக்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் கால்வாய்ப் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டராக இருந்தவன் நான். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ஒயரைப் பார்த்தால் அதில் உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்வேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு மகள் பின்னால் போனேன்.

வந்திருந்தவர்கள் எட்டுப் பேர். அதில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். எதைச் சொன்னாலும் மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எதில் போட்டிருக்கிறது என்று கேட்பார். பசிக்கிறது என்று சொன்னால்கூட அதையேதான் கேட்பார் போல. இன்னொருத்தி பஸ் கண்டக்டர். நாற்பது வயதிருக்கும். படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே இழுக்கிற குரல். நான் மேஜைக்கு அடியில் புகுந்ததும், "பார்த்து பெரியப்பா, தலை இடிச்சுக்கப் போறீங்க. மேஜைக்கு ஏதாவது ஆயிடும்" என்றாள். அறையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடியில் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

மகள் பாடத்தை ஆரம்பித்தாள். சமூக நீதி, பருவநிலை நீதி என்று பெரிய பெரிய வார்த்தை. அந்தப் புத்தகத்தில் வெள்ளத்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பக்கம் பக்கமாக இருக்கிறதாம், ஆனால் அதில் யார் வீடு போனது, யார் வீடு தப்பியது, ஏன் என்பது இருப்பதில்லையாம். எழுதுகிறவர்கள் எல்லாம் தண்ணீர் ஏறாத மாடியில் இருந்து எழுதுகிறவர்கள் என்றாள். அதைச் சரிசெய்யத்தான் இந்தப் பயிற்சி. ஆனால் கோபத்தில் எழுதக் கூடாது, தனக்குத் தெரியும் என்பதற்காகவும் எழுதக் கூடாது. அச்சில் வந்த ஆதாரம் இருக்க வேண்டும். முதலில் பயிற்சிப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது, அதன் தலையில் மஞ்சள் பட்டை ஓடும், அங்கே எதை எழுதினாலும் உலகத்துக்குத் தெரியாது, கை பழகும் வரை அங்கேயே எழுதுங்கள் என்றாள்.

பழகுவதற்கு அவள் எடுத்த பக்கம் எங்கள் ஊர்க் கால்வாய் வெள்ளம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தது. வாத்தியாரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். அவர் வகுப்பில் படிப்பது மாதிரியே நிறுத்தி நிறுத்திப் படித்தார். வரலாறு காணாத மழை. அதற்கு அடுத்த வரி: கால்வாய்க் கரையை ஆக்கிரமித்து வீடு கட்டியவர்களால் நீரோட்டம் தடைபட்டுக் கீழ்த்தெரு மூழ்கியது. ஆதாரம் என்று பார்த்தால் வடிகால் துறை அப்போது கொடுத்த அறிக்கை, பேப்பரில் வந்தது.

கண்டக்டர் தன் பையைத் திறந்து ஒரு காகிதத்தை மேஜைமேல் விரித்தாள். கீழ்த்தெருவில் அறுபத்து நாலு வீட்டுக்கும் வந்த நோட்டீஸ். கரையை ஆக்கிரமித்திருப்பதால் காலி செய்ய வேண்டும், ஆட்சேபம் இருந்தால் ஐந்து வாரத்தில் நடக்கிற விசாரணையில் சொல்லலாம். அதில் இந்த வரி அப்படியே இருந்தது. ஒரு எழுத்து மாறவில்லை. அவள் பிறந்த வீடு அந்தத் தெருவில்தான். அவள் அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

"கால்வாய் வெட்டுறதுக்கு முன்னாடியே எங்க தாத்தா கட்டின வீடு" என்றாள். "நாங்க கால்வாய்கிட்ட போகல. கால்வாய்தான் எங்ககிட்ட வந்துச்சு. யாரு யாரை ஆக்கிரமிச்சாங்க?"

"எதுல போட்டிருக்கும்மா?" என்றார் வாத்தியார்.

அவள் அவரைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் டிக்கெட் எடுத்திருப்பார்கள். அந்த வரியை எடுக்காமல் விடுவதில்லை, அதற்காகத்தான் லீவு போட்டுவிட்டு வந்தேன் என்றாள். விசாரணைக்கு வருகிற அதிகாரியும் போனைத் தடவிப் பார்ப்பான், அதில் இதே வரி இருந்தால் எங்கள் பேச்சை யார் கேட்பார்கள் என்று கேட்டாள்.

நான் அப்போது அவள் மேஜைக்கு அடியில் இருந்தேன். பிளக் இளகி இருந்தது, அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் வராத பேச்சு வந்துவிட்டது.

"ஆக்கிரமிப்பாவது மண்ணாங்கட்டியாவது" என்றேன். "ஒன்பது மணி நேரம் கால்வாயோட கீழ்ப்பக்க ஷட்டரைத் தூக்கி வச்சா எந்தத் தெருதான் முழுகாது."

வாய்க்குள்ளேயே நான் முனகிக்கொண்டது. ஆனால் கண்டக்டருக்குக் காது பழகியது. இரைச்சலில் கடைசி சீட்டில் ஒருவன் சில்லறை கேட்பது கேட்கிற காது. குனிந்து, என்ன சொன்னீர்கள் என்றாள். ஒன்றுமில்லை, காலை எடும்மா, ஒயர் என்றேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள்.

அவள் எழுதியது பயிற்சிப் பக்கம் என்றுதான் நினைத்திருக்கிறாள். நிஜப் பக்கமும் பயிற்சிப் பக்கமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் தலையில் இருக்கிற மஞ்சள் பட்டை மட்டும்தான். வேண்டிய வரியைத் தேடிக் கீழே இறங்கிவிட்டால் பட்டை கண்ணுக்குத் தெரியாது. அவள் திறந்து வைத்திருந்தது நிஜப் பக்கம். கீழ்ப்பக்க ஷட்டர் ஒன்பது மணி நேரம் திறந்து வைக்கப்பட்டிருந்தது என்று எழுதி, சேமித்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டாள். மகளும் கவனிக்கவில்லை.

பத்து நாள் கழித்து வெள்ளம் வந்த தேதி வந்தது. வருஷா வருஷம் அன்றைக்குப் பேப்பரில் ஒரு மூலையில் எதையாவது போடுவார்கள். நான் விரலை வைத்து மெதுவாகத்தான் படிப்பேன். விரல் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. கீழ்ப்பக்க ஷட்டர் ஒன்பது மணி நேரம் திறந்து வைக்கப்பட்டிருந்ததாகத் தெரியவருகிறது என்று இருந்தது. காபி புரையேறியது. யாருக்குத் தெரியவந்தது, எப்படித் தெரியவந்தது? அன்றைக்கு அந்தப் பம்ப் ஹவுஸில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

என் வீட்டுக்காரி முதுகில் தட்டிவிட்டு, பேப்பரை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"பன்னெண்டு வருஷமா கடைக்குப் போக கீழ்த்தெருவை விட்டுட்டு ஊரைச் சுத்திப் போறீங்க" என்றாள். "நான் கேட்டேனா? கேக்கல. கேக்காததால தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டீங்களா?"

தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு நான் மாடி ஏறும்போதே கைதட்டல் கேட்டது. வாத்தியார் எழுந்து நின்றிருந்தார். வெள்ளப் பக்கத்தில் ஆதாரம் இல்லாமல் ஒரு வரி இருப்பதைப் பார்த்தாராம், எடுத்துவிடலாம் என்று கை வைத்தாராம், அந்தச் சமயம் பார்த்துப் பேப்பரில் அதே விஷயம் வந்துவிட்டதாம். பேப்பரை ஆதாரமாக ஒட்டிவிட்டார். இனி அதை யாரும் அசைக்க முடியாது என்றார். முப்பது வருஷம் முட்டை மதிப்பெண் போட்ட மனிதர், ஒரு சரியான விடையைக் கண்டுவிட்ட சந்தோஷத்தில் இருந்தார். கண்டக்டரும் கைதட்டினாள். ஆனால் தலை குனிந்துகொண்டு தட்டினாள்.

பேப்பர்காரனுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவர்கள் விசாரித்திருப்பார்கள் அண்ணே என்றார் வாத்தியார். யாரை விசாரித்தார்கள் என்றேன். என் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ அழுத்தினாள். அந்தப் புத்தகத்தில் ஒரு வசதி உண்டு. எந்த வரியை எந்த ஆள் எந்த நேரத்தில் எழுதினான் என்பது பின்னாலேயே கிடக்கும், அழியாது. வரியை எழுதியது கண்டக்டர், ஞாயிறு காலை பதினொன்று இருபதுக்கு. பேப்பர் வந்தது பத்து நாள் கழித்து. பேப்பரைப் பார்த்து இவர்கள் எழுதவில்லை. இவர்களைப் பார்த்துப் பேப்பர் எழுதியிருக்கிறது. அந்தப் பேப்பரைத் திரும்ப இவர்களே ஆதாரமாக ஒட்டியிருக்கிறார்கள்.

வாத்தியார் உட்கார்ந்துவிட்டார்.

நீ எங்கே பார்த்து எழுதினாய் என்று மகள் கேட்டாள். கண்டக்டர் என்னைக் கைகாட்டி, "பெரியப்பாதான் சொன்னாரு. மேஜைக்கு அடியில" என்றாள்.

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். மகளோடு ஒன்பது. கையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அது ஒன்பது இல்ல" என்றேன். "நாலு."

வாத்தியார் பழக்கத்தில் கண்ணாடியை இறக்கினார். "எதுல போட்டிருக்கு அண்ணே?"

"எதுலயும் போடல. நான்தான் தூக்கினேன்."

பிறகு சொன்னேன். கால்வாய் பம்ப் ஹவுஸ் கிட்ட வந்து இரண்டாகப் பிரியும். மேல்பக்கம் ஒரு இரும்பு ஷட்டர், கீழ்ப்பக்கம் ஒரு இரும்பு ஷட்டர். சக்கரத்தைச் சுற்றினால் ஏறும், மாற்றிச் சுற்றினால் இறங்கும். கால்வாய் நிரம்பினால் இரண்டையும் சம அளவு தூக்க வேண்டும், இரண்டு பக்கமும் முழங்கால் தண்ணீரோடு போய்விடும் என்பதுதான் முறை. அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு ஷிப்டு ஏறினேன். ஆறு இருபதுக்குப் போன் வந்தது. கட்டுப்பாட்டு அறை என்றார்கள். மேல்பக்கத்தை மூடு, கீழ்ப்பக்கத்தை முழுசாகத் தூக்கு. மேல்பக்கம் அதிகாரிகள் குடியிருப்பு. பதிவேட்டில் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆறரைக்குத் தூக்கினேன். கீழ்த்தெருவில் கூச்சல் கேட்டது. பத்தரைக்கு இறக்கச் சொல்லி மறுபடி போன் வந்தது. ஒன்பது மணி நேர ஷிப்டு, முடியும்போது பகல் மூன்று மணி. அதுவரைக்கும் சக்கரத்தில் வைத்த கையை எடுக்காமல் நின்றேன். எனக்கு அந்த நாள் முழுதும் அது திறந்தே இருந்தது. அதனால்தான் வாயில் ஒன்பது வந்தது.

மழை இரண்டு பக்கமும்தான் பெய்தது என்றேன். தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை ஒரு போன் தீர்மானித்தது, ஒரு கை சுற்றியது. அந்தக் கை இதுதான்.

கண்டக்டர் நோட்டீசை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அன்றைக்கு அவள் அப்பா தையல் மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் வந்தபோது வழுக்கி விழுந்தார். இடுப்பு முறிந்தது. இரண்டு வருஷம் கட்டிலில் கிடந்து போய்ச் சேர்ந்தார். இதை அவள் முதல் ஞாயிறு டீ குடிக்கும்போதே எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். நானும் அங்கே டீ குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"நீங்கதானா" என்றாள். அவ்வளவுதான்.

பிறகுதான் சண்டை வந்தது, ஆனால் என்னோடு இல்லை. ஒன்பதை எடுத்துவிட வேண்டும் என்றாள் மகள். எடுக்கக் கூடாது என்றாள் கண்டக்டர்.

"அவங்க எழுதின பொய் பன்னெண்டு வருஷம் இருந்துச்சு, யாரும் கேக்கல" என்றாள். "என் பொய் ரெண்டு வாரம் இருந்ததும் எல்லாருக்கும் நியாயம் வந்துடுச்சா?"

எனக்கு அவள் பக்கம்தான் சரி என்று பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது. ஆனால் வாத்தியார் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். கால்வாய் அகலம், தண்ணீரின் வேகம் என்று என்னைக் கேட்டுக் கேட்டுப் போட்டார். நான் பாக்ஸ் இரண்டையும் மாட்டிக் கரண்ட் கொடுத்துக்கொண்டே சொன்னேன். ஒன்பது மணி நேரம் அந்த ஷட்டர் திறந்திருந்தால் வெள்ளம் கீழ்த்தெருவோடு நிற்காது, பஸ் டிப்போ வரைக்கும் போயிருக்கும். டிப்போ நனையவே இல்லை என்பது கண்டக்டருக்கே தெரியும். விசாரணையில் துறைக்காரன் இந்தக் கணக்கை ஒரு நிமிஷத்தில் போட்டுக் காட்டுவான், ஒன்பது பொய் என்றால் ஷட்டரே பொய் என்பான், அதோடு உங்கள் தெரு முடிந்தது என்றாள் மகள். கண்டக்டர் அந்தக் காகிதத்தை வெகு நேரம் பார்த்தாள். பிறகு அவளே உட்கார்ந்து தன் வரியை எடுத்தாள். ஆக்கிரமிப்பு வரிக்கு முன்னால், வடிகால் துறை கூறியது என்று இரண்டு மூன்று சொல்லைச் சேர்த்தார் வாத்தியார். அது ஒன்றுதான் நடந்தது.

"சரி, நாலுன்னு எழுதிக்கோங்க" என்றேன். "நான்தான் இங்க நிக்கறேனே."

மகள் தலையை ஆட்டினாள். "நீங்க சொன்னா எழுத முடியாதுப்பா."

"ஏன்?"

"அச்சுல வரணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பன்னிரண்டு வருஷம் தொண்டையில் கிடந்ததைக் கக்கிவிட்டு நிற்கிறேன், அது செல்லாதாம். தூக்கினவன் சொன்னால் செல்லாது, தூக்கினதைப் பார்க்காதவன் எழுதினால் செல்லும். நீங்களும் உங்கள் புத்தகமும் என்று சொல்லிவிட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். பின்னால் எட்டுக் கம்ப்யூட்டரும் ஒன்றாக அணைந்தன. யாரோ, சேமிக்கவே இல்லையே என்று அழாத குறையாகச் சொன்னது படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை கடைத்தெருவுக்குப் போக பஸ் ஏறினேன். அவள் வண்டி. ஏறிய பிறகுதான் பார்த்தேன், அதற்குள் விசில் அடித்துவிட்டாள். முன்னால் இருந்து ஒவ்வொரு சீட்டாக வந்தாள். என் சீட்டுக்கு வந்ததும் கடைத்தெரு என்றேன். டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றாள்.

"ஐயா, போன்ல பேசினது யாரு?" என்றாள். பெரியப்பா போய்விட்டது.

பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை என்றேன். கேட்டிருக்கலாமே என்றாள். கேட்டிருக்கலாம் என்றேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்றாள். அதற்கும் சொல்லியிருக்கலாம் என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது? எனக்கு முன்சீட்டில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான், அவள் ஒரு முறை முறைத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்தாள். பார்த்தேன். கடைத்தெருவுக்கு இரண்டு நிறுத்தம் தள்ளிப் போட்டிருந்தாள்.

"பேப்பர் ஆபீஸ் வாசல்லயே நிக்கும்" என்றாள். "தூங்கிடாதீங்க."

சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டாள். கடைத்தெரு வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை.

பேப்பர் ஆபீசில் அந்தச் செய்தியை எழுதியது ஒரு சின்னப் பெண். மேஜையில் டீ டம்ளர் வட்டம் வட்டமாகக் கறை. ஒன்பது மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதும், போனில் பார்த்தேன் ஐயா என்று ஒளிக்காமல் சொன்னாள். அந்த ஒரு குணத்துக்காக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் போடலாமா என்று கேட்டாள். போடு என்றேன். உங்கள் மேலேயும் கேள்வி வரும் என்றாள். வரட்டும், நான் இருக்கிற இடம் எல்லாருக்கும் தெரியும் என்றேன்.

அவள் என் பேச்சை மட்டும் வைத்துப் போடவில்லை. பம்ப் ஹவுஸ் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று துறைக்கு எழுதிப் போட்டு, அலைந்து, இரண்டு வாரம் கழித்துப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் ஷட்டர் எத்தனை அடி ஏறியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று என் கோணல் கையெழுத்தில் இருக்கிறது. அன்றைய பக்கம் மட்டும் காலி. அந்தக் காலிப் பக்கத்தைப் படம் எடுத்துப் பேப்பரில் போட்டாள். பக்கத்தில் என் பெயர், நாலு மணி நேரம், போன், எல்லாம். முதலில் ஒன்பது என்று போட்டது தவறு என்றும் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தாள். துறையிடம் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றும் இருந்தது.

விசாரணை அன்றைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி இளவயதுக்காரர். கண்டக்டர் சொன்னது சரி, வந்து உட்கார்ந்ததும் போனைத்தான் தடவினார். பிறகு என்னைக் கேட்டார். சொன்னேன். எழுத்தில் உத்தரவு இல்லாமல் ஏன் தூக்கினீர் என்றார். போனில் சொன்னால் தூக்குவதுதான் பழக்கம் என்றேன். பழக்கம் என்று அவர் எழுதிக்கொண்டார். துறைக்காரர்களிடம் அந்தப் பக்கம் ஏன் காலி என்று கேட்டார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதற்குப் பதில் வரும் வரைக்கும் நோட்டீசை நிறுத்தி வைக்கிறேன் என்று சொல்லி எழுந்துவிட்டார். ரத்து இல்லை, நிறுத்தி வைப்பு. அறுபத்து நாலு வீட்டுக்காரர்களும் வாசலில் நின்றார்கள். வழி மட்டும் விட்டார்கள். கண்டக்டரின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் கடக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

போன ஞாயிறு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் வகுப்பு நடக்காது என்று மகள் மன்றாடிக் கூட்டிப்போனாள். பக்கத்தைக் காட்டினாள். ஆக்கிரமிப்பு என்பது இப்போது துறை சொன்னது என்று இருக்கிறது. அதற்குக் கீழே, கீழ்ப்பக்க ஷட்டர் நாலு மணி நேரம் முழுமையாகத் தூக்கப்பட்டிருந்ததாக ஓய்வுபெற்ற ஆபரேட்டர் கூறுகிறார், அன்றைய பதிவேட்டுப் பக்கம் காலியாக உள்ளது என்று இருக்கிறது. பக்கத்தில் சின்னதாக ஒரு எண். அதைத் தொட்டால் பேப்பர் வரும். வாத்தியார் அதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இப்போது கச்சிதமாக இருக்கிறது அண்ணே, யாரும் அசைக்க முடியாது என்றார். போன தடவையும் இதையேதான் சொன்னார்.

நானும் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். பம்ப் ஹவுஸைப் பற்றி எழுத என்னைவிட்டால் ஆள் ஏது என்றார்கள். அச்சில் வராததை எழுதக் கூடாது என்று அடிக்கடி சொல்கிற வாயாலேயே சொன்னார்கள். கண்டக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க பெரியவரே" என்றாள். "மஞ்சப் பட்டை இருக்கற பக்கத்துல எழுதுங்க. என்னை மாதிரி பண்ணிடாதீங்க."

பெரியப்பாவும் இல்லை, ஐயாவும் இல்லை. அது போதும் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் உட்காரவில்லை.

"நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றேன். "ஒன்பதுன்னு சொன்னது இந்த வாய். எழுதினீங்க. நாலுன்னு சொன்னதும் இதே வாய். எழுதினீங்க. அந்தப் பக்கத்தைக் காலியா விட்டது என் கை. அதையும் ஆதாரம்னு ஒட்டியிருக்கீங்க. நான் ஒரு ஆளு. என்னையே மூணு தடவை கேட்டுட்டு, மூணு பேரைக் கேட்ட மாதிரி உக்காந்திருக்கீங்க."

வாத்தியார் கண்ணாடியை இறக்கினார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. மகள் சிரித்தாள். இந்தச் சந்தேகம்தான் வேண்டும், இதைத்தான் மூன்று மாதமாக இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றாள். என்ன சொன்னாலும் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். அவள் அம்மா மாதிரி.

இந்த முறை பாக்ஸைப் பிடுங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு எடுத்து வா என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வாசலில் ஒருவன் போனைப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் திரும்பி நின்றான். கீழ்த்தெரு எந்தப் பக்கம் என்று போன் அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கீழ்த்தெரு வழியாகத்தான் வீட்டுக்கு நடந்தேன்.